திசைகாட்டி இல்லாத மாலுமிகள்

மலர்க் குழுவிலிருந்து போன். "சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், தயவுசெய்து உங்கள் இஞ்சினியரிங் சமாச்சாரம் வேண்டாம்" என்றார்கள். சரி, ஹாஸ்டலில் பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்த சரித்திரம் எப்போதுதான் உதவப் போகிறது என்று உட்கார்ந்துவிட்டேன்.

உலகப் படத்தில் பசிபிக் பெருங்கடலைப் பாருங்கள். வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு. மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் பெரிய முக்கோணம் ஒன்று வரும். உள்ளே பார்த்த இடமெல்லாம் தண்ணீர். ஆங்காங்கே கடுகு சிதறினாற்போல் தீவுகள். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் அங்கே சுற்றி வந்தபோது, அந்தக் கடுகுகளில் பெரும்பாலானவற்றில் மனிதர்கள் இருந்தார்கள். அதுவும் ஒரே குடும்பத்து மொழிகளைப் பேசிக்கொண்டு! திசைகாட்டி, கடிகாரம், இரும்பு ஆணி எதுவும் இல்லாமல் இவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்?

இவர்களுடைய முன்னோரின் தடயம் மேற்கே இருக்கிறது. 1952இல் நியூ கலிடோனியாவில் லப்பிட்டா என்ற இடத்தைத் தோண்டியபோது, சீப்புப் பல்லால் குத்தியதுபோல் புள்ளிக் கோலம் போட்ட பானை ஓடுகள் கிடைத்தன. அதே வகை ஓடுகள் நியூகினியை ஒட்டிய பிஸ்மார்க் தீவுகள் முதல் டோங்கா, சமோவா வரை கிடைக்கின்றன. அங்கே நியூ பிரிட்டன் தீவில் எடுத்த எரிமலைக் கண்ணாடிக் கல், மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஃபிஜியில் அகப்பட்டிருக்கிறது. கி.மு. 800 வாக்கிலேயே டோங்காவில் குடியேறிவிட்டார்கள். பிறகு நீண்ட இடைவெளி. கி.பி. 1000க்கும் 1300க்கும் இடையில்தான் முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் தொட்டார்கள்.

அதோடு நின்றார்களா? இல்லை என்கிறது நாம் அவித்துத் தின்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஆனால் பசிபிக் நடுவில் மங்காயா தீவில் கரிந்து கிடைத்த கிழங்குத் துண்டுகள் கொலம்பஸ் காலத்துக்கு முந்தியவை. நியூசிலாந்தின் மவோரி மக்கள் அதைக் 'குமரா' என்கிறார்கள். ஆண்டிஸ் மலைப் பகுதியின் கெச்சுவா மொழியிலும் 'குமர்' என்பதுபோல் ஒரு பெயர் உண்டு. விதை தானே மிதந்து வந்திருக்கலாம் என்று சொல்லும் தாவரவியலாரும் உண்டு. ஆனால் கிழங்கு மிதக்கலாம், மனித ரத்தம் மிதந்து வருமா? 2020இல் வெளியான மரபணு ஆய்வு, கி.பி. 1200ஐ ஒட்டிப் பாலினேசியரும் தென் அமெரிக்கப் பழங்குடியினரும் கலந்ததைக் காட்டியது.

யார் யாரைத் தேடிப் போனார்கள் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அமெரிக்கக் கரையிலும் கடலோடிகள் இருந்தார்கள். 1526இல் ஈக்வடார் கடலில் ஸ்பானிய மாலுமி பார்த்தலோமே ரூயிஸ் எதிர்கொண்டது, பருத்திப் பாய் கட்டிய ஒரு பெரிய பால்சா மரத் தெப்பம். ஏறக்குறைய இருபது பேர். துணி, வெள்ளி, தங்கம் என்று சரக்கு. எல்லாம் சிவப்புச் சிப்பி வாங்குவதற்காக! வெதுவெதுப்பான கடலில் விளைகிற அந்தச் சிப்பிக்குத் தெற்கே பெரு நாட்டில் பொன்னுக்குச் சமமான மதிப்பு.

இந்தத் தெப்பத்தை மனத்தில் வைத்துத்தான் 1947இல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் பெருவிலிருந்து 'கோன்-டிக்கி' தெப்பத்தில் கிளம்பி, 101 நாளில் பாலினேசியா சேர்ந்தார். தீவுகளில் முதலில் குடியேறியவர்கள் அமெரிக்காவிலிருந்தே வந்தார்கள் என்பது அவர் கட்சி. 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்பவர், தொலைதூரத் தீவுகளைத் தற்செயலாக அடைந்திருப்பார்களே தவிர, திட்டமிட்டுப் போய்த் திரும்பியிருக்க முடியாது என்று எழுதினார். அதாவது, வித்தையெல்லாம் ஒன்றுமில்லை, காற்று தள்ளியது, கரை ஒதுங்கினார்கள்!

பதில் சொல்ல ஹவாயில் ஆள் இல்லை. இரண்டு தோணிகளை இணைத்துக் கட்டும் முறையையாவது பழைய படங்களைப் பார்த்து மீட்டுவிடலாம். (இந்த வகைக் கலத்தை ஆங்கிலேயர் நம் 'கட்டுமரம்' என்ற சொல்லால்தான் அழைக்கிறார்கள், நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டிய வேறு வகை.) ஆனால் வழி தெரிந்த மாலுமி? 'ஹொகுலேயா' என்ற தோணியைக் கட்டியவர்கள், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி மைக்ரோனேசியாவின் சடவால் என்ற குட்டித் தீவில் மாவ் பியாய்லுக் என்பவரைக் கண்டுபிடித்தார்கள். தாத்தாவிடம் சிறுவயதிலேயே பாடம் கேட்டவர். பாயில் வட்டமாகக் கற்களை அடுக்கி, எந்த நட்சத்திரம் எங்கே உதிக்கும், எங்கே மறையும் என்று மனப்பாடம். மேகம் மூடினால் அலைகளின் அசைவை உடம்பால் உணர்ந்து திசை சொல்வார். மாலையில் கூடு திரும்பும் பறவையைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத தீவு இருக்கும் பக்கத்தைச் சொல்வார்.

1976 மே 1 அன்று மவுயி தீவிலிருந்து புறப்பட்டார்கள். கருவி ஒன்றும் இல்லை. சுமார் 4,000 கிலோமீட்டர். ஜூன் 4 அன்று தாஹிட்டித் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள். ஷார்ப்புக்குப் பதில் கிடைத்தாச்சு.

என்னைத் தொட்டது அதற்குப் பிறகு நடந்ததுதான். 1978இல் ஹொகுலேயா கவிழ்ந்து, உதவி தேடிப் பலகையில் நீந்திப் போன எட்டி ஐக்காவ் திரும்பவே இல்லை. மறு வருஷம் மாவ் மறுபடி ஹவாய் வந்தார், கற்றுக்கொடுக்க. பரம்பரை ரகசியத்தை அந்நியருக்குக் கொடுப்பதா என்று சொந்த மக்களே குறை சொன்னார்கள். ஊர் இளைஞர்களுக்கு ஆர்வம் குறைந்துகொண்டிருந்தது. யாரிடமாவது இறக்கி வைத்தால்தான் வித்தை பிழைக்கும் என்று அவர் நினைத்தார். 1980இல் அவரது மாணவர் நைனோவா தாம்ப்சன் தாமே வழிகாட்டித் தாஹிட்டி போய்த் திரும்பினார். 2010இல் மாவ் காலமானார். வித்தை சாகவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். ஸ்க்ரூடிரைவர் பிடியைக் காதில் வைத்து, முனையை பம்ப் மேல் வைத்தே எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவார். மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து வழியனுப்பினோம். அவர் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அடுத்த மாதமே ஒரு பம்ப் நின்று, காரணம் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆச்சு.

மாணவ நண்பர்களே, சந்திப்பு நாளில் தலை நரைத்த சீனியர்கள் நிறையப் பேர் வருவார்கள். சாப்பாட்டுப் பந்தியில் அவர்கள் பக்கத்தில் இடம் பிடியுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். சீனியர்களே, கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். மாவ் கடல் தாண்டி வந்து சொல்லிக்கொடுத்தார். நமக்குப் பஸ் இருக்கிறது.