கனத்த கல்

2024 டிசம்பரில் மேலூரிலிருந்து அம்மாச்சி போன் செய்தார். "டங்ஸ்டன்னா என்னய்யா? ஊரே அதத்தான் பேசுது." குண்டு பல்புக்குள் மின்னும் கம்பி என்றேன். "அந்த நூலுக்காகவா மலைய வெட்டப் போறாய்ங்க?" எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு ஆபீஸ் வேலையை ஓரங்கட்டிவிட்டு அந்தச் சொல்லின் பின்னால் போனேன்.

ஸ்வீடிஷில் 'துங்' என்றால் கனமான, 'ஸ்டேன்' என்றால் கல். அவ்வளவுதான், கையில் தூக்கிப் பார்த்தவர் வைத்த பெயர். நிக்கலைக் கண்டுபிடித்த ஆக்சல் கிரான்ஸ்டெட் 1751இல் இதை எழுதும்போது, கனமாக இருந்த வேறொரு கல்லுக்கும் இதே பெயர்தான். பாஸ்ட்னாஸ் சுரங்கத்தின் அந்தக் கல்லில் 1803இல் கிடைத்தது சீரியம். நம்ம டங்ஸ்டனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

1781இல் ஷேலே என்ற மருந்துக்கடைக்காரர் 'சரியான' கனத்த கல்லிலிருந்து புதிய அமிலம் ஒன்றைப் பிரித்தார். இரண்டே வருடத்தில் ஸ்பெயினின் எலுயார் சகோதரர்கள் உலோகத்தையே எடுத்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்தியது உல்ஃப்ரமைட் என்ற வேறு தாது. ஜெர்மன் பெயரான உல்ஃப்ராமுக்கு 'ஓநாய் நுரை' என்று பொருள் சொல்வார்கள். வெள்ளீயம் உருக்கும்போது இந்தத் தாது கலந்திருந்தால் ஈயம் குறையும். ஆட்டை ஓநாய் தின்றது மாதிரி. தனிம அட்டவணையில் டங்ஸ்டனுக்கு ஏன் டபிள்யூ என்று காலேஜில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. இதுதான் காரணம்.

வேடிக்கை இனிமேல்தான். ஸ்வீடன்காரர்களே இன்று இந்த உலோகத்தை 'வோல்ஃப்ராம்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கல்லுக்கும் பிறகு ஷேலேயின் பெயரால் ஷீலைட் என்று பெயர் மாறிவிட்டது. ஆங்கிலமோ கல்லின் பெயரை உலோகத்துக்கு வைத்துக்கொண்டது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், வேரியபிள் அப்படியே இருக்கிறது, உள்ளே இருந்த மதிப்பு மாறிவிட்டது.

அந்த ஆங்கிலச் சொல்தான் மேலூருக்கு வந்தது. ஏலம் விட்ட தொகுதிக்கு நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று பெயர். அதற்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. சமணர் படுக்கைகளும் பாண்டியர் குடைவரையும் உள்ள ஊர். பெயரில் உலோகம் மட்டும் இருந்தது, மலை இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான். மக்கள் திரண்டு போராடினார்கள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

மறுநாள் அம்மாச்சியிடம் பெயருக்கு அர்த்தம் சொன்னேன்.

"வெயிட்டான கல்லா? மொதல்லயே கல்லுன்னு சொல்லியிருந்தா வெளங்கியிருக்கும்ல" என்றார்.