தெய்வமாக்கி விலக்குதல்: காரைக்கால் பேயும் புனிதவதியும்

காரைக்கால் அம்மையாரைப் பற்றித் தமிழர் அறிந்த கதை சேக்கிழார் சொன்ன கதை. இரண்டு மாங்கனிகள், கணவன் பரமதத்தன் அஞ்சிக் கப்பலேறியது, பின்னர் மனைவியின் காலில் விழுந்தது, அவள் பேயுரு வேண்டியது ஆகிய யாவும் 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் உள்ளவை. அம்மையாரோ அதற்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டு முற்பட்டவர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அவர் பாடியவையாக அற்புதத் திருவந்தாதி (101), திருவிரட்டை மணிமாலை (20), திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு (22) என 143 பாடல்கள் பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. இப்பாடல்களில் மாங்கனி இல்லை, கணவன் இல்லை, சேக்கிழார் அவருக்குத் தரும் புனிதவதி என்ற பெயரும் இல்லை. தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்றே அவர் குறித்துக்கொள்கிறார்.

கவிஞரையும் அவர் வரலாற்றை எழுதியவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை ஆய்வாளர் கேரன் பெச்சிலிஸ் 2012இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார். அந்தப் பிரிவினையை ஏற்று இக்கட்டுரை மேலும் ஒன்றைச் சொல்ல முற்படுகிறது. வழக்கத்துக்கு அடங்காத பெண்ணைச் சமூகம் தண்டிப்பது மட்டுமே அடக்குமுறை ஆகாது. அவளைக் கும்பிட்டு வீட்டுக்கு வெளியே வைப்பதும் அடக்குமுறையின் ஒரு வடிவமே. சேக்கிழாரின் கதை இந்த இரண்டாம் வடிவத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. அம்மையாரின் பாடல்கள் அதற்குப் பிடிகொடுக்காமல் நிற்கின்றன. நவீனப் புனைகதை இந்த இரண்டில் எதன் வழியில் வந்தது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

வணிகக் கடற்கரையின் மனைவியர்

காரைக்கால் வட்டாரம் பழைய வணிகக் கடற்கரை ஒன்றைச் சேர்ந்தது. வடக்கே தரங்கம்பாடியைக் கடந்தால் கண்ணகியின் பூம்புகார். தெற்கே புனிதவதியின் காரைக்கால். அதற்கும் தெற்கே பரமதத்தனின் நாகப்பட்டினம். இந்தக் குறுகிய கரையிலிருந்து தமிழின் இரு பெரும் மனைவியர் கதைகள் பிறந்துள்ளன. இரண்டும் வணிகர் குடும்பக் கதைகள். இரண்டிலும் கணவன் பிரிந்து போகிறான்; இரண்டிலும் மனைவி கற்பில் குறையற்றவள்; இரண்டின் முடிவிலும் அவள் வீட்டில் இல்லை, வழிபாட்டில் இருக்கிறாள். கண்ணகிக்குச் சேரன் கல் நட்டான். புனிதவதியைக் கணவனே கைகூப்பி வணங்கினான்.

பரமதத்தனின் செயலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இறையருளால் மனைவி கையில் கனி வந்ததைக் கண்ட அவன் அவளோடு வாழ அஞ்சுகிறான். வணிகத்தின் பெயரால் கடல் கடந்து, பொருள் ஈட்டிப் பாண்டிநாட்டு நகரொன்றில் குடியேறி, வேறு மணம் செய்துகொள்கிறான். உறவினர் புனிதவதியைச் சிவிகையில் கொண்டுவந்தபோது இரண்டாம் மனைவியோடும் மகளோடும் வந்து அவள் அடியில் விழுகிறான். ‘இவள் மானிடப் பெண் இல்லை, தெய்வம். ஆகையால் மகளுக்கு இவள் பெயரையே இட்டேன். நீங்களும் வணங்குங்கள்’ என்கிறான். பக்தியின் மொழியில் சொல்லப்பட்டாலும் நடந்தது மணவிலக்கு. கைவிட்டவன் மீது பழி இல்லை, கைவிடப்பட்டவளுக்குக் கேட்க ஏதும் இல்லை. அவள் தெய்வம் என்று ஆன கணமே மனைவி என்ற முறையில் அவளுக்கிருந்த உரிமைகள் எல்லாம் முடிந்துபோகின்றன.

சேக்கிழார் இதை அறியாமல் எழுதியவர் அல்லர். கணவனின் கொள்கை இதுவென்றால் அவனுக்காகச் சுமந்த அழகுடல் இனி வேண்டாம் என்று அவளைச் சொல்லவைக்கிறார். கூர்மையான பேச்சு அது. ஆயினும் அந்தப் பேச்சுக்கு இடம் பிறப்பதே கணவனின் தீர்ப்புக்குப் பிறகுதான். அவன் விடுவிக்கும்வரை அவள் உறவினர் பாதுகாப்பில் மனையறம் காத்துக் காத்திருக்கிறாள். கயிலையை அடைந்தபோதும் இறைவன் அவளை அம்மையே என்று அழைக்கிறான். மனைவி என்ற உறவு அறுந்த இடத்தில் தாய் என்ற உறவு வந்து அமர்கிறது. குடும்ப முறைக்கு வெளியே ஒரு பெண்ணை நிறுத்தச் சேக்கிழாரின் புராணத்தில் இடமில்லை.

பாடல்களில் உள்ள பேய்

அம்மையாரின் சொந்தப் பாடல்களில் இந்த வரிசை முறையே கிடையாது. பிறந்து மொழி பயின்ற நாள்தொட்டே தம் அன்பு இறைவனுக்கு உரியதாகிவிட்டது என்று அற்புதத் திருவந்தாதி தொடங்குகிறது. இடையில் மணமும் பிரிவும் வந்து போனதற்கான தடமில்லை. யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

திருவாலங்காட்டுப் பதிகத்தின் பேய் பெண்பேய். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த மயிர், நீண்ட பல், உயர்ந்த பரடு என்று உறுப்பு உறுப்பாக அவள் வருணிக்கப்படுகிறாள். பெண்ணழகை உறுப்பு உறுப்பாகப் பாடும் மரபை அறிந்த ஒருவர் அதே முறையைக் கையாண்டு ஆண் பார்வைக்கு எதுவும் மிச்சம் வைக்காமல் பாடியிருக்கிறார். போர்க்களத்தில் பிணம் தின்னும் பேய்மகளிர் சங்கப் பாடல்களிலேயே உண்டு. ஆனால் அங்கே புலவர் வெளியே நின்று பேயைக் காட்டுகிறார். இங்கே பாடுபவரே பேய் என்று கையொப்பம் இடுகிறார்.

பேயுரு கொள்வது பெண்மையை அழித்துக்கொள்வதாகாதா, அதை விடுதலை என்று எப்படிச் சொல்வது என்ற மறுப்பு நியாயமானது. சேக்கிழாரின் கதைக்கு அது பொருந்தும். அங்கே அழகு விலையாகக் கொடுக்கப்படுகிறது. பாடல்களுக்கு அது பொருந்தவில்லை. மூத்த திருப்பதிகத்தில் ஒரு பேய்த்தாய் வருகிறாள். பிள்ளைக்குக் காளி என்று பெயரிடுகிறாள், உடம்பின் புழுதி துடைக்கிறாள், பால் கொடுக்கிறாள், பின் தன் வழியே போய்விடுகிறாள். பிள்ளை அழுது உறங்குகிறது. பெண்மையும் தாய்மையும் அந்தக் காட்டில் அப்படியே இருக்கின்றன. அவற்றை அளக்கும் ஆண் மட்டும் அங்கே இல்லை. புராணத்தில் மகளுக்குப் பெயரிடுபவன் தகப்பன். பதிகத்தில் பெயரிடுபவள் தாய்ப்பேய். இரு பனுவல்களுக்கும் இடையேயுள்ள தொலைவை இந்த ஒரு வேறுபாடே காட்டிவிடும்.

ஊர் நினைவு

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழா சேக்கிழாரின் வழிவந்தது. மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம், பிட்சாடனர் வீதியுலா, வீடுகளிலிருந்து மாங்கனி இறைத்தல் என்று அது நடக்கிறது. இறைக்கப்படும் கனியைப் பிடித்து உண்டால் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்பது மக்கள் நம்பிக்கை. 1973இல் வந்த ஏ.பி. நாகராஜனின் திரைப்படமும் மாங்கனிக் கதையையே பட்டிதொட்டியெங்கும் பரப்பியது. ஒரு பெண்கவிஞரை நடுநாயகமாக வைத்து ஓர் ஊரே விழா எடுப்பது அரிது. அதன் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. எனினும் மணத்தைப் பற்றி ஒரு சொல்லும் விட்டுச்செல்லாதவர் ஆண்டுதோறும் மணப்பெண்ணாகவே நினைக்கப்படுகிறார்.

நவீனப் புனைகதை

தெய்வமாக்கும் வழியை நவீன எழுத்து கைவிட்டது. அதனாலேயே பெண்ணை விடுவிக்கும் அதிகாரம் பிறரிடமிருந்து அவள் கைக்கு வந்துவிட்டதா? புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ (1943) இதை முதலில் சோதித்த கதைகளுள் ஒன்று. இராமனால் மீண்ட அகலிகை, சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்டு மறுபடி கல்லாகிறாள். தனக்குக் கிடைத்த விடுதலை ஓர் ஆணின் தீர்ப்பைச் சார்ந்தது என்று அறிந்ததும் அதை மறுக்கிறாள். மறுப்பு வலியது. ஆனால் மறுத்தபின் அவளுக்கென்று ஒரு வாழ்விடம் கதையில் இல்லை.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ (1966) தாய் ஊற்றும் தண்ணீரால் மகளைத் தூயவளாக்குகிறது. அதன் நீட்சியாக எழுந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ அந்த மன்னிப்புக் கிட்டாமற்போனால் என்ன ஆகும் என்று காட்டுகிறது. அதன் நாயகி கங்கா படித்து, வேலைபார்த்து, தனித்து நின்றும் தன்னைப் பற்றிப் பிறர் சொன்ன சொல்லுக்குள்ளேயே வாழ்கிறாள். பரமதத்தனின் இடத்தில் இங்கே தாயும் தமையனும் மாமாவும் நிற்கிறார்கள். கதையின் அமைப்பு சேக்கிழாருடையதே.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ இதிலிருந்து விலகுகிறது. 1988இல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை அது. ராஜஸ்தான் கூட்டுக் குடும்பத்தின் மாமியார் ஜீஜி யாராலும் கைவிடப்பட்டவள் அல்லள், சமையலறையை ஆள்பவள். அந்த ஆட்சியே அவளைக் கட்டியிருப்பதை மருமகள் மீனாட்சி காண்கிறாள். சமையலறையும் நகையும் பிள்ளைகளும் நீங்கினால் ஜீஜி யார் என்பதே கதையின் கேள்வி. அதை ஆணிடம் கேட்கவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்கிறாள். தீர்ப்பு வழங்க வெளியாள் எவரும் வருவதில்லை. இந்த வகையில் அம்பையின் முன்னோடி புராணத்துப் புனிதவதி அல்லள், பதிகத்துப் பேய்.

முடிவு

பெண் மீறுகிறாளா, அடங்குகிறாளா என்ற கேள்வியை மட்டும் வைத்து இலக்கியத்தை அளந்தால் புனிதவதியும் மீறியவளாகத் தோன்றுவாள், கங்காவும் அப்படியே. பெண்ணின் விடுதலையை யார் அறிவிக்கிறார்கள் என்று கேட்டால் படம் மாறுகிறது. அந்த அளவுகோலின்படி ஆறாம் நூற்றாண்டுப் பாடல்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புராணத்தையும் இருபதாம் நூற்றாண்டுப் புனைகதையின் பெரும்பகுதியையும் விட முன்னே நிற்கின்றன. பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் அம்மையாரை அறிமுகப்படுத்துவோர் 143 பாடல்களை முதலில் வைத்துப் புராணத்தை அதன்பின் வைக்க வேண்டும். கவிஞரின் குரலைக் கேட்டபிறகே அவரைப் பற்றி மற்றவர் சொன்னதைக் கேட்பது முறை.