கரடி பொம்மையும் எஸ்விசிஹோஸ்டும்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துட்டு, "எஸ்விசிஹோஸ்ட்னு ஒரே பேர்ல இத்தனை ஓடுதே, வைரஸா?"ன்னு பயப்படுறவங்களுக்காக இந்த எபிசோட். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு.

2002ல ஒரு மெயில் பல நாடுகள்ல சுத்துச்சு. உங்க கம்ப்யூட்டர்ல 'ஜேடிபிஜிஎம்ஜிஆர்'னு ஒரு ஃபைல் இருக்கும் (கடைசி மூணு எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீங்க, மேனேஜரோட சுருக்கம் அது), ஐகான் கரடி பொம்மை, அது வைரஸ், 14 நாள் தூங்கிட்டு எழுந்திரிக்கும், ஆன்டிவைரஸ் கண்ணுல சிக்காது, உடனே அழிச்சிட்டு தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்புங்க. தேடினா ஃபைல் நிஜமாவே இருந்துச்சு. கரடியும் இருந்துச்சு. இருக்காதா பின்ன? விண்டோஸோடயே வந்த, மைக்ரோசாஃப்ட்டோட ஜாவா டீபக்கர் கருவி அது. மெயில்ல ஒரு வரி நிரல்கூட கிடையாது. அழிக்கிற வேலை, பரப்புற வேலை ரெண்டையும் மனுஷங்களே பார்த்துக்கிட்டாங்க. நல்லவேளை, ஜாவா எழுதுற சிலரைத் தவிர அந்த ஃபைல் யாருக்கும் தேவைப்படல.

எஸ்விசிஹோஸ்ட் அப்படி இல்ல. விண்டோஸ் சர்வீஸ்கள் பலது டிஎல்எல் ஃபைலா இருக்கும், அதுங்களால தனியா ஓட முடியாது. அதுங்களுக்கு இடம் கொடுக்கிற வீட்டுக்காரர்தான் இவர். 2017ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்லேருந்து, ரேம் 3.5 ஜிபிக்கு மேல இருந்தா பெரும்பாலான சர்வீஸுக்குத் தனித்தனி வீடு. அதான் அத்தனை.

இந்த வீட்டுக்காரரை 2010 ஏப்ரல் 21 அன்னிக்கு மெக்காஃபியோட ஒரு அப்டேட் வைரஸ்னு முத்திரை குத்திடுச்சு. எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 ஓடின கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆச்சு, நெட்வொர்க் போச்சு. நெட்வொர்க்கே இல்லாததால ஐடி ஆளுங்க ஒவ்வொரு மெஷினாப் போய் உட்கார வேண்டியதாச்சு. மெயிலை நம்பி மக்கள் செஞ்சதை, இங்க ஆன்டிவைரஸே செஞ்சுது.

அதுக்காகப் பேரை மட்டும் நம்பவும் முடியாது. 2003ல வெல்ச்சியா வார்ம் 'டிஎல்எல்ஹோஸ்ட்'ங்கிற பேர்ல சிஸ்டம்32க்குள்ள 'வின்ஸ்' ஃபோல்டர்ல ஒளிஞ்சுக்கிச்சு. அதே பேர்ல அசல் ஃபைல் ஒரு படி வெளியே, சிஸ்டம்32லயே இருந்துச்சு.

அதனால நான் பேரைவிட முகவரியைத்தான் பார்ப்பேன். ரைட் கிளிக், 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்'. எஸ்விசிஹோஸ்ட் சிஸ்டம்32ல இருக்கணும், டவுன்லோட்ஸ்லயோ டெம்ப்லயோ இருந்தா சந்தேகப்படுங்க. அடுத்து ப்ராப்பர்ட்டீஸ்ல டிஜிட்டல் கையெழுத்து. 2010ல சிக்கின ஸ்டக்ஸ்நெட், ரியல்டெக் பேர்ல இருந்த திருட்டுச் சான்றிதழால கையெழுத்துப் போட்ட டிரைவரோடவே வந்துச்சு, உண்மைதான். ஆனா அது குறிவெச்சது ஈரானோட அணு நிலையத்துக்கு. நம்ம லேப்டாப்புக்கு யாரும் அவ்வளவு செலவு பண்ண மாட்டாங்க.