எடை குறையும் நாளைச் செயலி முன்கூட்டியே கூறுவது எந்த அளவுக்கு நம்பத்தக்கது?

கழக்கூட்டம் (திருவனந்தபுரம்): 'இதே முறையில் உணவு உட்கொண்டால் 10 வாரங்களில் உங்கள் எடை 75.5 கிலோவாக இருக்கும்.' உண்ணும் உணவைக் கைபேசிச் செயலியில் பதிவு செய்வோர் இத்தகைய கணிப்பை நாள்தோறும் காண்கின்றனர். 10 வாரங்கள் கழிந்து எடைக்கருவியில் ஏறி நிற்கும்போது முள் பெரும்பாலும் அந்த எண்ணைக் காட்டுவதில்லை. இதனால் மனம் தளர்ந்து முயற்சியைக் கைவிடுவோர் உண்டு. உணவை அளவுக்கு மீறிக் குறைத்து உடலை வருத்திக்கொள்வோரும் உண்டு.

கணிப்பு பொய்ப்பதற்குப் பயனரின் மன உறுதிக் குறைவு மட்டுமே காரணம் அன்று. கணக்கீட்டின் ஒவ்வொரு படியிலும் பிழைக்கு இடம் உள்ளது. செயலி சுட்டும் திசை சரியாக இருக்கலாம். அது குறிக்கும் நாளும் கிலோவும் தோராயமானவையே. இக்கணிப்பு எவ்வாறு பிறக்கிறது, எங்கே தவறுகிறது, அதை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

கேரளத்துக்கு இது ஏன் முக்கியம்?

இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990-ஆம் ஆண்டு கழக்கூட்டத்தில் நிறுவப்பட்டது. இங்குள்ள நிறுவனங்களில் பணிபுரிவோரில் பெரும்பாலோர் நாளின் பெரும்பகுதியைக் கணினி முன் அமர்ந்து கழிப்பவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்து பணிபுரியும் தமிழர்களும் இவர்களுள் அடங்குவர்.

2019-21-ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட 5-ஆவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, கேரளத்தில் பெண்களில் 38.1 சதவீதத்தினரும் ஆண்களில் 36.4 சதவீதத்தினரும் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். தமிழ்நாட்டில் இவ்விகிதம் முறையே 40.4 மற்றும் 37 சதவீதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, கேரளத்தில் வயது வந்தோரிடையே நீரிழிவு 25.5 சதவீதமாக உள்ளதாகத் தெரிவித்தது. நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களுள் இதுவும் ஒன்று. எனவே, எடைக் குறைப்பு முயற்சி பாதியில் நின்றுபோவது தோற்றம் தொடர்பான ஏமாற்றம் மட்டும் அன்று. உடல் நலம் சார்ந்த இழப்பும் ஆகும்.

கணிப்பு எவ்வாறு உருவாகிறது?

பெரும்பாலான செயலிகள் மூன்று படிகளைப் பின்பற்றுகின்றன. முதலில், வயது, உயரம், எடை, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு, உடல் ஓய்வில் இருக்கும்போது செலவிடும் ஆற்றலை மதிப்பிடுகின்றன. அடுத்து, அதைப் பயனரின் உடல் உழைப்புக்கு ஏற்ற எண்ணால் பெருக்கி, ஒரு நாளின் மொத்தச் செலவைக் காண்கின்றன. இறுதியாக, உண்ட கலோரியை அதிலிருந்து கழித்துக் கிடைக்கும் பற்றாக்குறையை எடையாக மாற்றுகின்றன. (கலோரி என இங்குக் குறிப்பிடப்படுவது கிலோகலோரியே.)

பற்றாக்குறையை எடையாக மாற்றுவதற்குப் பரவலாகக் கையாளப்படும் விதி, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதாகும். நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி, ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என 1958-இல் வெளியிட்ட கணக்கே இதன் அடிப்படை. நாள்தோறும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ குறையும் என்ற பரவலான அறிவுரை இதிலிருந்து பிறந்தது.

'மைஃபிட்னஸ்பால்' செயலி, ஒரு நாளின் பதிவை முடித்தவுடன், எல்லா நாளும் இன்றைய நாளைப் போலவே அமைந்தால் 5 வாரங்களில் எடை எவ்வளவு இருக்கும் எனக் காட்டுவது பயனர்கள் அறிந்ததே. விருந்துக்குச் சென்ற நாளும் விரதம் இருந்த நாளும் இக்கணக்கில் முற்றிலும் வேறுபட்ட எதிர்காலங்களைக் காட்டும்.

முதல் பிழை: செலவாகும் ஆற்றல்

ஓய்வுநிலை ஆற்றலை மதிப்பிடப் பல செயலிகள் பயன்படுத்தும் மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் 1990-இல் வெளியானது. அமெரிக்காவில் 498 பேரிடம் எடுக்கப்பட்ட அளவீடுகளிலிருந்து அது உருவாக்கப்பட்டது. இந்தியர்களின் அடிப்படை ஆற்றல் செலவு பன்னாட்டுச் சூத்திரங்கள் காட்டுவதைவிடக் குறைவு என்பதால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு அவற்றில் 5 சதவீதத்தைக் குறைத்துக் கணக்கிட்டது.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். 30 வயது, 170 செ.மீ. உயரம், 80 கிலோ எடை கொண்ட ஆண் ஊழியர் ஒருவருக்கு இச்சூத்திரம் சுமார் 1,718 கலோரி எனக் காட்டும். அவர் செயலியில் 'ஓரளவு உடலுழைப்பு' என்பதைத் தெரிவு செய்தால், அது 1.375-ஆல் பெருக்கப்பட்டு நாளொன்றுக்கு 2,362 கலோரி ஆகிறது. 500 கலோரியைக் குறைத்து, 1,862 கலோரி உண்ணுமாறு செயலி பரிந்துரைக்கும். 10 வாரங்களில் 4.5 கிலோ குறையும் என்றும் கணிக்கும்.

ஆனால், நாள் முழுவதும் அமர்ந்து பணிபுரிபவருக்குப் பொருந்தும் எண் 1.2 ஆகும். அதன்படி செலவு 2,061 கலோரி மட்டுமே. இந்தியர்களுக்குரிய 5 சதவீதக் குறைப்பையும் சேர்த்தால் 1,958 ஆகிறது. பரிந்துரைத்த அளவைத் துல்லியமாகக் கடைப்பிடித்தாலும், உண்மையான பற்றாக்குறை 500 அன்று, 96 கலோரிதான். அதே விதிப்படி 10 வாரங்களில் குறைவது 1 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. கட்டுப்பாட்டை ஒரு நாளும் மீறாதவருக்கும் இதே முடிவுதான்.

இரண்டாம் பிழை: உண்ணும் உணவின் கணக்கு

எஞ்சியிருக்கும் அந்த 96 கலோரியை அழிக்க, பதிவு செய்ய மறந்த 10 கிராம் தேங்காய் எண்ணெய் போதும். அதில் சுமார் 90 கலோரி உள்ளது. தாளிப்பிலும் அவியலிலும் தோரனிலும் சேரும் எண்ணெயையும் தேங்காயையும் உண்பவர் கண்ணால் அளக்க இயலாது. உணவகத்திலோ தட்டுக்கடையிலோ உண்பவருக்கு இது மேலும் கடினம்.

அரிசியிலும் குழப்பம் நேர்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி உண்டு. வேகவைத்த 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான். செயலியின் பட்டியலில் இவ்விரண்டில் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைத் தெரிவு செய்தால் ஒரு வேளை உணவின் கணக்கே தலைகீழாகிவிடும். அதிக நீரை உறிஞ்சி வேகும் கேரள மட்டை அரிசிக்கும் பிற அரிசிகளுக்கும் இடையிலும் வேறுபாடு உண்டு.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் 528 உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டது. அது பெரும்பாலும் சமைக்காத பொருள்களைப் பற்றியது. புட்டு-கடலைக்கறி, மீன் குழம்பு, சாம்பார் போன்றவற்றின் அளவு வீட்டுக்கு வீடு மாறும். பெங்களூருவில் 2012-இல் தொடங்கப்பட்ட 'ஹெல்திஃபைமீ' போன்ற இந்தியச் செயலிகள் உள்ளூர் உணவுகளைப் பட்டியலில் சேர்த்துள்ளன. எனினும், ஒரு கிண்ணம் என்பது எவ்வளவு, அதில் எண்ணெய் எவ்வளவு என்பதைச் செயலியால் அறிய முடியாது.

உண்டதைக் குறைத்துக் கூறுவது மனித இயல்பு. எவ்வளவு முயன்றும் எடை குறையவில்லை எனக் கூறிய 10 பேரை நியூயார்க் ஆய்வாளர்கள் சோதித்து 1992-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் மிகைப்படுத்தியும் தெரிவித்திருந்தனர்.

மூன்றாம் பிழை: உடல் மாறிக்கொண்டே இருப்பது

எடை குறையக் குறைய உடலின் ஆற்றல் செலவும் குறைகிறது. 80 கிலோ உடலை இயக்கத் தேவைப்படும் ஆற்றல் 72 கிலோ உடலுக்குத் தேவையில்லை. பழைய விதியோ பற்றாக்குறை என்றும் மாறாது எனக் கொள்கிறது.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர் கெவின் ஹால் மற்றும் குழுவினர் 2011-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இதற்கு மாற்றாக ஒரு கணிப்பு முறையை முன்வைத்தனர். கூடுதல் எடை கொண்ட சராசரி நபர் நாளொன்றுக்குச் சுமார் 24 கலோரியை நிலையாகக் குறைத்தால், இறுதியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி முதல் ஆண்டிலும், 95 சதவீதம் 3 ஆண்டுகளிலும் நிகழும்.

இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். நாள்தோறும் 500 கலோரி குறைப்பவர் ஓராண்டில் ஏறத்தாழ 24 கிலோ இழப்பார் என்கிறது பழைய விதி. புதிய முறையின்படி அது 10 கிலோ அளவிலேயே இருக்கும். எனவே, கணிப்பின் காலம் நீள நீளப் பிழையும் பெருகும்.

தொடக்க வாரங்களில் இதற்கு எதிரான மயக்கம் நேரலாம். மாவுச்சத்தைக் குறைக்கும்போது உடலில் சேமிக்கப்பட்ட கிளைகோஜனும் அதனுடன் பிணைந்த நீரும் வெளியேறுவதால் எடை வேகமாகச் சரியும். அது கொழுப்பின் இழப்பு அன்று. உப்பு மிகுந்த ஒரு வேளை உணவும், பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியும் எடையைச் சில நாள்களுக்கு உயர்த்திக் காட்டக்கூடும்.

கைப்பட்டைகள் உதவுமா?

செலவான கலோரியைக் காட்டும் கைப்பட்டைகளை நம்பி, 'ஈட்டிய' கலோரிக்கு ஈடாக உண்போர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-இல் 60 தன்னார்வலர்களைக் கொண்டு 7 கருவிகளைச் சோதித்தது. ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையுடன் அளந்தன. ஆற்றல் செலவிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழைத்தது. மிக மோசமான கருவியின் பிழை 93 சதவீதம்.

எடை குறையாவிடினும் பயன் உண்டு

லாஸ் ஏஞ்சலிஸில் 212 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், கலோரிச் செயலி வழங்கப்பட்டோருக்கும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருக்கும் இடையே, 6 மாதங்களில் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முதல் மாதத்துக்குப் பின் பலர் செயலியைத் திறப்பதையே குறைத்துவிட்டனர்.

இந்திய ஆய்வுகள் நம்பிக்கை தரும் மற்றொரு செய்தியைக் கூறுகின்றன. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரிடம், மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடைபெற்ற தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 சதவீதத்தினருக்கு 3 ஆண்டுகளில் நீரிழிவு வந்தது. உணவு, உடற்பயிற்சி மாற்றங்களைக் கடைப்பிடித்தோரில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. இப்பயன் எடைக் குறைவு இல்லாமலேயே கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், கைபேசியில் வாழ்க்கைமுறை தொடர்பான குறுஞ்செய்திகள் பெற்ற ஆண்களில் 18 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் 2 ஆண்டுகளில் நீரிழிவு ஏற்பட்டது. அச்செய்திகள் எந்த எடையையும் எந்த நாளையும் முன்கூட்டிக் கூறவில்லை.

செயலியை எவ்வாறு பயன்படுத்தலாம்?

செயலியின் கணிப்பைத் தொடக்க மதிப்பீடாக மட்டும் கொண்டு, சொந்த அளவீட்டால் அதைத் திருத்திக்கொள்வதே பயனுள்ள வழி.

* நாள்தோறும் காலையில், உண்பதற்கு முன், ஒரே கருவியில் எடை பார்க்கவும். ஒரு நாளின் எண்ணைப் பொருட்படுத்தாமல் 7 நாள்களின் சராசரியை ஒப்பிடவும்.

* முதல் இரு வாரங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதன்பின் 28 நாள்களில் சராசரி எடை எவ்வளவு குறைந்தது எனக் காணவும். அதை 7,700-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால், உண்மையான அன்றாடப் பற்றாக்குறையின் தோராயம் கிடைக்கும். 0.8 கிலோ குறைந்திருந்தால் அது 220 கலோரி. செயலி 500 எனக் காட்டியிருந்தாலும் உண்மை இதற்கு அருகிலேயே இருக்கும்.

* அமர்ந்து பணிபுரிவோர், மாலையில் சிறிது நடந்தாலும், உடலுழைப்பின் மிகக் குறைந்த நிலையையே தெரிவு செய்வது பொருத்தம்.

* வீட்டில் மாதத்துக்கு வாங்கும் எண்ணெயை உண்போர் எண்ணிக்கையாலும் நாள்களாலும் வகுத்தால், ஒருவர் உண்ணும் எண்ணெயின் சராசரி அளவு தெரியும். செயலியில் விடுபடும் கலோரியின் பெரும்பகுதி இதில் வெளிப்படும்.

* இடுப்புச் சுற்றளவையும் குறித்து வைக்கவும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவைத் தாண்டுவது ஆபத்தின் அறிகுறியாகக் கருதப்படுகிறது.

கணிப்பை எட்டுவதற்காக உணவைக் கடுமையாகக் குறைப்பது தசை இழப்புக்கும் பித்தப்பைக் கற்களுக்கும் வழிவகுக்கலாம். இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுத்துக்கொள்வோருக்கு ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி உணவைக் குறைத்தல் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும், உண்பது குறித்த மனநலச் சிக்கலுக்கு ஆளானோரும் இத்தகைய செயலிகளின் இலக்குகளைப் பின்பற்றுவதற்கு முன் மருத்துவரை அணுக வேண்டும்.

எதை, எப்போது, எவ்வளவு உண்கிறோம் என்பதைக் கண்முன் காட்டுவதே கலோரிச் செயலியின் உண்மையான பயன். அப்பதிவு நம்பத்தக்கதாக அமைவது பயனரின் கையில் உள்ளது. அது கூறும் தேதி தவறிப்போனால், திருத்த வேண்டியது முதலில் செயலியின் கணக்கையே. முயற்சியைக் கைவிட அது காரணம் ஆகாது.