வளர்ச்சி வேறுபாடுடைய குழந்தைகளும் சிறுநீர் அடக்கமும்: ஜெர்மனியில் எழுந்த ஒரு விசாரணை

ஐந்து வயது நிறைந்த பின்னரும் பகலிலோ இரவிலோ சிறுநீரை அடக்க இயலாத குழந்தை, பிற விஷயங்களில் மற்றக் குழந்தைகளைப் போன்றே வளர்ந்துவருமாயின், வைத்தியர் அதற்குக் காரணம் தேடுகிறார்; அதே குழந்தை ஆட்டிசம் உடையதாகவோ, டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்ததாகவோ, அறிவு வளர்ச்சியில் பின்தங்கியதாகவோ இருந்துவிட்டால், தேடுதல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. ‘இந்தக் குழந்தை இப்படித்தான்’ என்று வைத்தியர் சொல்லிவிடுகிறார். பெற்றோரும் ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொள்கின்றனர். குறைபாட்டின் பெயரையே காரணத்தின் ஸ்தானத்தில் அமர்த்திவிடுவது தர்க்கப் பிழை மாத்திரமன்று, குழந்தைக்கு இழைக்கும் அநீதியும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் கட்சி.

இதற்கு ஜெர்மனியைக் களமாகக் கொள்வதற்கு இரண்டு நியாயங்கள் உண்டு. ஒன்று துக்ககரமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டுச் சிறார் இல்லங்களில் படுக்கையை நனைத்த குழந்தைகள் அவமானப்படுத்தப்பட்டும் தண்டிக்கப்பட்டும் வந்தமை, அங்கே வளர்ந்தோர் முதுமையில் அளித்த சாட்சியங்களால் வெளியாயிற்று. 2009-இல் கூடிய விசாரணைக் குழு அவ்வில்லங்களில் நிகழ்ந்த கொடுமைகளை ஆராய்ந்து 2010 டிசம்பரில் அறிக்கை சமர்ப்பித்தது. ஊனமுற்ற சிறாருக்கான விடுதிகளில் இன்னலுற்றோர்க்கென 2017-இல் தனி நிதியம் ஒன்றும் நிறுவப்பட்டது. நனைந்த படுக்கையைப் பிடிவாதத்தின் விளைவென்று கருதிய சமூகம் எதுவரை செல்லும் என்பதற்கு இவ்வரலாறே சான்று. மற்றொரு நியாயம் நம்பிக்கை அளிப்பது. அதே நாட்டில், ஸார்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ஹோம்பர்க் மருத்துவமனையில், குழந்தை மனநோய் மருத்துவப் பிரிவின் தலைவராயிருந்த அலெக்ஸாண்டர் ஃபான் கோன்டார்ட் தம் சகாக்களுடன் ஆண்டுக்கணக்காக இவ்விஷயத்தையே ஆராய்ந்து, ஆட்டிசத்தையும், பிராடர்-வில்லி, ஆஞ்சல்மன், ரெட் முதலிய அரிய மரபணு நிலைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, ‘பொதுவான பின்னடைவு’ என்ற மூடுதிரையை விலக்கிப் பார்த்தார்.

2015-இல் வெளியான அவர்களது ஆய்வொன்றில் ஆட்டிசம் உடைய 40 குழந்தைகளும், அவர்களை ஒத்த வயதினராய் அக்குறையற்ற 43 குழந்தைகளும் ஒப்பிடப்பட்டனர். இரவில் நனைப்போர் முன்னவருள் நூற்றுக்கு 30 பேர், பின்னவருள் ஒருவருமில்லை; பகலில் நனைப்போர் முன்னவருள் நூற்றுக்கு 25, பின்னவருள் 5-க்கும் குறைவு. கூட்டம் சிறிது, ஆயினும் அறிவு வளர்ச்சியில் தாமதமற்ற ஆஸ்பெர்கர் வகையினரும் அதில் சேர்ந்திருந்தமை கவனத்துக்குரியது. ‘புத்தி தாமதித்தால் அடக்கமும் தாமதிக்கும்’ என்பதே முழு விடையாயின், புத்தி தாமதியாத குழந்தைக்கு இத்துன்பம் வருவானேன்? கவனச்சிதறலும் மிகுசுறுசுறுப்பும் உடைய குழந்தைகளிடத்தும் இதே கேள்வி எழுகிறது. அவர்களுள்ளும் இத்துன்பம் அதிகமாகவே காணப்படுகிறது. விளையாட்டில் ஆழ்ந்து, மூத்திரப்பை விடுக்கும் செய்தியை ஒத்திப்போட்டு, கடைசிக் கணத்தில் ஓடி, வழியிலேயே தோற்றுப்போகும் அக்குழந்தையிடம் புத்திக் குறைவு யாதுமில்லை.

அடக்கம் என்பது மூத்திரப்பையின் தொழில் மாத்திரமன்று. மூத்திரப்பையைச் சுருக்கிச் சிறுநீரை வெளியேற்றும் கட்டளை மூளைத்தண்டிலுள்ள ஒரு சிறு கேந்திரத்திலிருந்து பிறக்கிறது. 1925-இல் பாரிங்டன் என்ற ஆங்கிலேயர் பூனைகளில் அதன் இடத்தை நிர்ணயித்தார். அக்கேந்திரத்துக்கு ‘இப்போது வேண்டாம், பிறகு’ என்று ஆணையிடுவது மூளையின் முன்மடல். உறக்கத்திலிருந்து எழுப்பும் நரம்புத் தொகுதியோ அதன் அண்டையிலேயே அமைந்துள்ளது. ஆகையால் கவனத்தையும் விழிப்பையும் ஆளும் பாதைகளில் வேறுபாடு உள்ள குழந்தைக்கு மூத்திரப்பையின் ஆட்சியிலும் வேறுபாடு தோன்றுவது வியப்பன்று. ஆட்டிசம் உடைய சில குழந்தைகள் தம் உடலுக்குள்ளிருந்து எழும் உணர்ச்சிகளையே தெளிவாக அறியாதிருக்கலாம் என்பது இன்னும் முற்றாக ஊர்ஜிதமாகாத அனுமானம். ஆனால் பள்ளிக் கழிப்பறையின் நீர்ப்பாய்ச்சல் ஓசையையும், கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலையும், குளிர்ந்த இருக்கையையும் சகிக்கமாட்டாது நாள் முழுவதும் அடக்கிவைத்திருந்து வீடு திரும்பும் வழியில் நனைக்கும் குழந்தையைப் பல தாய்மார் அறிவர். மூளைவாத நோயுற்ற குழந்தைக்குச் சில வேளை மூத்திரப்பையில் கோளாறே இராது. படியும், கதவும், கால்சட்டைப் பொத்தானும்தாம் கோளாறு.

எனினும் எல்லாக் காரணங்களிலும் மிகுதியாக அலட்சியம் செய்யப்படுவது மலச்சிக்கலே என்று துணிந்து கூறுவேன். குடலின் கடைசிப் பகுதியில் மலம் இறுகித் தேங்கும்போது அது முன்னாலுள்ள மூத்திரப்பையை நெருக்கி, அதன் கொள்ளளவைக் குறைத்து, அடிக்கடி தேவையின்றிச் சுருங்கும்படி தூண்டுகிறது. தசைநார் தளர்ந்த டவுன் சிண்ட்ரோம் குழந்தை, இரண்டே வகை உணவை மட்டும் ஏற்கும் ஆட்டிசக் குழந்தை, தாகத்தை வாய்விட்டுச் சொல்ல இயலாமல் குறைந்த நீரே பருகும் குழந்தை, சக்கர நாற்காலியில் நாளைக் கழிக்கும் குழந்தை ஆகிய அனைவரும் இவ்வலையில் எளிதில் சிக்குவர். வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவரிடம் அவ்வலி பிடிவாதமாகவும் முரட்டுத்தனமாகவும் உருமாறித் தோன்றும். இதனாலேயே ஜெர்மானிய வைத்திய சங்கங்களின் வழிகாட்டி நூல், மலச்சிக்கலையும் மலம் கசிதலையும் முதலில் தீர்க்குமாறும், அடுத்துப் பகல் நனைத்தலையும், இறுதியாகவே இரவு நனைத்தலையும் கவனிக்குமாறும் வரிசை வகுத்துள்ளது. இவ்வரிசையை மாற்றிவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று புலம்புவதில் பயனில்லை.

வேறு காரணங்களும் உள. வலிப்புக்குத் தரும் வால்புரோயேட்டும், சினத்தைத் தணிக்கத் தரும் ரிஸ்பெரிடோனும் சிலரிடம் நனைத்தலை உண்டாக்கும். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் டவுன் சிண்ட்ரோம் குழந்தை இரவில் நனைப்பது அத்தடையினாலேயே இருக்கக்கூடும். முதுகுத்தண்டின் கோளாறும் சிறுநீர்த் தொற்றும் ஒருபோதும் மறக்கப்படலாகா.

வளர்ப்புக் குறையே காரணம் என்ற பழிச்சொல்லுக்கு வருகிறேன். அதை முதலில் கேட்பவள் தாயே. ஜெர்மனியின் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலைச் சூழ்ந்த பிரதேசத்தில் வாழும் ஈழத்துக் குடும்பங்களில், காலை நீட்டி அமர்ந்து, குழந்தையைப் பாதங்களின் மேல் இருத்தி, ‘சூ’ என்று ஒலியெழுப்பிப் பழக்கிய பாட்டிமார் இன்றும் உள்ளனர். அவர்கள் கண்ணில், மூன்று வயதிலும் அணையாடை அணிந்து செல்லும் பேரக்குழந்தை மருமகளின் சோம்பலுக்குச் சாட்சி. ஸூரிக் நகரத்துக் குழந்தை வைத்தியர் ரெமோ லார்கோ, 1950-களில் ஓராண்டு நிறையுமுன்பே பழக்கப்பட்ட தலைமுறையையும், அதற்கு ஓராண்டுக்கு மேல் தாமதித்துப் பழக்கப்பட்ட பிந்திய தலைமுறையையும் ஒப்பிட்டு, முற்பட்ட பழக்கம் மூத்திரப்பையின் ஆட்சியை விரைவுபடுத்தவில்லை என்று காட்டினார். பாட்டியின் பழக்கத்தை நான் குறைகூறவில்லை. தாய்க்கும் சேய்க்கும் இடையே ஒரு சங்கேதத்தை அது உண்டாக்குகிறது, பேசாத குழந்தைக்கு அச்சங்கேதம் பெரும் துணையுமாகும். ஆனால் அது பலியாதபோது குற்றம் தாயின் மேல் விழ நியாயமில்லை.

காரணம் தேடுவதால் பயனென்ன, இக்குழந்தைகளுக்குச் சிகிச்சை பலிக்குமா என்று கேட்போர் உண்டு. 1904-இல் மைன்ஹார்ட் ஃபான் ஃபௌண்ட்லர், பின்னாளில் மியூனிக் நகரத்துக் குழந்தை மருத்துவமனையின் தலைவரானவர், படுக்கை நனைந்ததும் மணியடிக்கும் கருவியொன்றை அறிமுகம் செய்தார். தாதியர் உடனே துணி மாற்றுவதற்கென அமைக்கப்பட்ட அம்மணி, குழந்தைகளையே நனைக்காதிருக்கப் பழக்கிற்று என்பது எதிர்பாராது தெரியவந்தது. அதன் வழிவந்த கருவிகள் வளர்ச்சி வேறுபாடுடைய குழந்தைகளுக்கும், அருகில் உறங்கி மணியொலிக்கு எழுப்பும் ஒருவர் இருப்பின், பலன் தருகின்றன. காலம் மாத்திரம் கூடுதலாகத் தேவைப்படும். 1968-இல் தியோடோர் ஹெல்புரூக்கே மியூனிக்கில் தொடங்கிய சிறார் நிலையத்தின் மாதிரியில் இன்று ஜெர்மனியெங்கும் 150-க்கு மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன. குழந்தை வைத்தியரும், மனநூலாரும், உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் ஒரே கூரையின்கீழ் அமரும் அத்தகைய இடங்களில்தான் மலச்சிக்கலையும் மருந்தையும் மூச்சுத் தடையையும் ஒருங்கே விசாரிக்க இயலும். அவ்விசாரணைக்கு முதல் உபகரணம் விலையுயர்ந்ததொன்றன்று: இரண்டு நாள், எப்போது எவ்வளவு பருகியது, எப்போது எவ்வளவு கழித்தது, எப்போது நனைந்தது, மலம் எப்படி வந்தது என்று தாய் எழுதிவைக்கும் ஒரு தாள். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அத்தாளை எழுதுவதற்கு ஜெர்மானிய நிலையமொன்று அமையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.