ஆட்டின் தலைக்குள் கடவுள் இல்லை

மருத்துவம் பிறந்த கதை - 6

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. கிரேக்க தேசத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்து விழுந்தால், தீட்டுக் கழிப்பவரும் மந்திரக்காரரும் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். நோயாளி எப்படித் துடித்தார் என்பதுதான் அவர்களுடைய முதல் விசாரணை. ஆடுபோலக் கத்தினாரா, வலப்பக்கம் இழுத்ததா? தேவர்களின் தாய்க்குக் கோபம். குரல் கீச்சென்று உயர்ந்து குதிரைபோலக் கனைத்தாரா? கடல் தெய்வம் பொசைடனின் வேலை. வாயில் நுரை தள்ளிக் காலை உதைத்தால் போர்க்கடவுள் ஏரிஸ். இரவில் அலறியெழுந்து வெளியே ஓடினால் ஹெக்கேட்.

தெய்வம் இன்னதென்று தெரிந்தபின் பரிகாரம். குளிக்கக் கூடாது, கறுப்பு உடுத்தக் கூடாது, ஆட்டுக்கறி தின்னக் கூடாது, ஆட்டுத்தோலில் படுக்கக் கூடாது. நோய் தீர்ந்தால் பெருமை பரிகாரக்காரருக்கு. தீராவிட்டால் பழி தெய்வத்துக்கு.

வலிப்புக்கு அன்றைய கிரேக்கர்கள் வைத்திருந்த பெயர் ‘புனித நோய்’. அந்தத் தலைப்பிலேயே ஒரு மருத்துவர் எழுதிய சிறுநூல் நமக்குக் கிடைத்திருக்கிறது. காஸ் தீவைச் சேர்ந்த ஹிப்போகிரட்டிஸின் பெயரில் தொகுக்கப்பட்ட சுமார் 60 நூல்களில் அதுவும் ஒன்று. அவை எல்லாம் ஒரே கையால் எழுதப்பட்டவை அல்ல. ஆனால் இந்த நூலை எழுதிய கை, மருத்துவ வரலாற்றையே வேறு பாதைக்குத் திருப்பியது.

வலிப்பு மட்டும் தனியாகப் புனிதமானது அல்ல என்று சொன்ன அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுச் சிந்தனை இருந்தது. மிலெட்டஸ் நகரத்து தேலீஸ், உலகம் எதனால் ஆனது என்று கேட்டு ‘நீர்’ என்றார். அவருக்குப்பின் வந்த அனாக்ஸிமாண்டர், இடிக்குக் காரணம் மேகத்தைக் கிழித்து வெளியேறும் காற்று என்றார். இடியும் மின்னலும் ஜீயஸின் ஆயுதங்கள் என்று நம்பிய ஊரில் சொன்ன பேச்சு இது. தெற்கு இத்தாலியில் குரோட்டன் நகரத்து அல்க்மேயான், உணர்வுகள் சென்று சேரும் இடம் மூளை என்றார். உடலின் சக்திகள் சரிசமமாக இருப்பது ஆரோக்கியம், அவற்றில் ஒன்று மட்டும் முடிசூடிக்கொண்டு ஆள்வது நோய் என்பது அவர் தந்த விளக்கம். அரசியலிலிருந்து மருத்துவத்துக்குப் போன உவமை! சிசிலியின் எம்பெடோகிளிஸோ நிலம், நீர், காற்று, நெருப்பு என்ற நான்கு வேர்களிலிருந்தே எல்லாம் உண்டாயின என்றார்.

இடிக்கு இயற்கைக் காரணம் இருக்குமானால் வலிப்புக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது? ‘புனித நோய்’ நூலாசிரியர் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். அவர் வாதாடும் விதம் ஒரு தேர்ந்த வக்கீலுடையது. ஆட்டுத்தோலும் ஆட்டுக்கறியும் வலிப்பைக் கொண்டுவரும் என்றால், ஆட்டையே நம்பி வாழும் லிபியாவின் உள்நாட்டு மக்கள் அத்தனை பேரும் விழுந்து துடிக்க வேண்டுமே என்கிறார். பட்டினியும் பத்தியமும் நோயைத் தீர்க்கின்றன என்றால், அங்கே தெய்வத்துக்கு என்ன வேலை என்கிறார். இந்த நோய் பரம்பரையாக வருவதையும் கவனித்துச் சொல்கிறார்.

அடுத்து வருவது நூலின் உச்சம். ஆடுகளுக்கும் இந்த நோய் வருகிறது. அப்படிச் செத்த ஆட்டின் தலையைப் பிளந்து பாருங்கள். மூளை நீர் கோத்து, நனைந்து, நாற்றமடிக்கும். உடலைக் கெடுத்தது நோய்தான், கடவுள் அல்ல என்பதை அங்கே கண்ணால் காணலாம் என்கிறார். சிரிப்பு, துக்கம், அறிவு, பைத்தியம் எல்லாவற்றுக்கும் இருப்பிடம் மூளையே என்பதும் அவர் முடிவு.

இவரை நாத்திகர் என்று எண்ணிவிடக் கூடாது. எல்லா நோய்களும் ஒரே அளவுக்குத் தெய்விகமானவை, ஒரே அளவுக்கு மானுடமானவை. ஒன்றை மட்டும் தனியே ‘புனிதம்’ என்பது பொருந்தாது என்பதே அவர் நிலை. தெய்வம் மனிதனை அசுத்தப்படுத்தும் என்று சொல்வதுதான் அவருக்குத் தெய்வ நிந்தனை. அன்றைய மருத்துவரும் கோயிலும் பகைவர்களாக வாழவில்லை. ஏதென்ஸைக் கொள்ளைநோய் தாக்கியது கி.மு. 430இல். பத்தாண்டு கழித்து, கி.மு. 420இல், மருத்துவக் கடவுள் அஸ்கிளிபியஸுக்கு அந்நகரில் வழிபாடு தொடங்கியது. எபிடாரஸ் கோயிலில் நோயாளிகள் இரவு தங்கி, கனவில் கடவுள் வந்து குணமாக்குவார் என்று காத்திருந்தார்கள். ஹிப்போகிரட்டிஸ் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற உறுதிமொழியே அப்போலோ, அஸ்கிளிபியஸ் ஆகிய கடவுளரைச் சாட்சியாக வைத்துத்தான் தொடங்குகிறது.

சரி, வலிப்புக்கு அவர் கண்ட காரணம் என்ன? தலையிலிருந்து இறங்கும் கபம், காற்று செல்லும் குழாய்களை அடைத்துவிடுகிறது என்றார். முழுத் தவறு. அதே காலத்தில் இன்னொரு ஹிப்போகிரட்டிய நூல் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு திரவங்களை வகுத்தது. நான்கு பருவங்களோடு அவை கச்சிதமாகப் பொருந்தின. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமோன் நகரத்து காலன் அதைப் பெரும் மாளிகையாகக் கட்டி எழுப்பினார். (கனவில் அஸ்கிளிபியஸ் இட்ட கட்டளையால்தான் அவரை அவருடைய அப்பா மருத்துவம் படிக்க அனுப்பினார்!) ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத்தில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் காலனை மொழிபெயர்த்தார். இப்னு சீனா அந்த மருத்துவத்தைத் தொகுத்து ஒழுங்கு செய்தார். சென்னையில் இன்றும் கற்பிக்கப்படும் யுனானி மருத்துவம் அந்த வழி வந்ததுதான்.

கச்சிதமே வினையாயிற்று. எதைக் கேட்டாலும் நான்கு திரவங்களில் பதில் இருந்ததால், தலையைப் பிளந்து பார்க்கும் பழக்கம் பின்தங்கியது. 1799 டிசம்பரில் தொண்டை நோயால் படுத்த ஜார்ஜ் வாஷிங்டனின் உடலிலிருந்து மருத்துவர்கள், அந்தப் பழைய திரவக் கணக்கின் வழியிலேயே, ஒரே நாளில் பல முறை ரத்தத்தை வெளியேற்றினார்கள். அன்றிரவே அவர் இறந்தார்.

ஆனாலும் அந்தப் பெயர் தெரியாத கிரேக்கரின் வெற்றி பெரியது. ஹெக்கேட்டின் கோபத்தை யாராலும் சோதிக்க முடியாது. ‘குழாயைக் கபம் அடைக்கிறது’ என்பதைச் சோதிக்கலாம், தவறென்று தள்ளலாம், வேறு காரணம் தேடலாம். தேடினார்கள். 1857இல் புரோமைடு, 1912இல் பினோபார்பிடால் என்று மருந்துகள் வந்தன. மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ததை 1929இல் ஹான்ஸ் பெர்கர் வெளியிட்டார். மூளை என்று அந்தக் கிரேக்கர் காட்டிய இடம் சரி, காரணம்தான் மாறியது.

இன்று உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. முறையாகச் சிகிச்சை பெற்றால் 100இல் 70 பேர் வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டிலோ இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகக் குறித்த சொல் நீங்கவே 1999 ஆக வேண்டியிருந்தது. ஆகவே, தெருவில் யாராவது வலிப்பு வந்து விழுந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

(அடுத்த வாரம்: மனித உடலை அறுத்துப் பார்த்த அலெக்சாந்திரியா)