ஐந்து விரல் விரித்த கை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று 919ஆம் ஆண்டினது, மற்றது 921. பழந்தமிழரின் மக்களாட்சி பற்றிப் பேச்செழும் போதெல்லாம் சாட்சிக்கு வருவது இந்தச் சுவர்தான். 1948 நவம்பரில் அரசியலமைப்பு அவையில் கிராமப் பஞ்சாயத்து பற்றிய விவாதத்தின்போது அவையின் உறுப்பினர் டி. பிரகாசம் இதை எடுத்துச் சொன்னார். குடமும் ஓலையும் இருந்தன என்றதோடு, வயது வந்தோர் வாக்குரிமையும் இருந்தது என்றார். குடமும் ஓலையும் கல்லில் உள்ளவை; வாக்குரிமை கல்லில் இல்லை. கிராமத்துக்கு அதிகாரம் வேண்டும் என்ற அவருடைய கருத்து நல்ல கருத்துதான். ஆனால் அந்தக் கருத்தே கல்லின் வாசகமாகிவிட்டது.

கல் சொல்வது வேறு. அந்த ஊர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயம். 921ஆம் ஆண்டு விதிப்படி, பெயர் ஓலையில் ஏற வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். அந்த நிலத்தில் உழுதவருக்கு இதில் இடமில்லை. யாரும் யாருக்கும் வாக்களிக்கவும் இல்லை. ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனை விட்டுக் குடும்புக்கு ஒன்றாக எடுக்கச் சொன்னார்கள். இப்படி வந்த 30 பேர் 12, 12, 6 எனச் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியமாகப் பிரிந்தனர். பதவி 360 நாள். விதியை வகுத்தபோது அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருந்தார் என்பதையும் அதே கல் சொல்கிறது.

ஏதென்சிலும் பெண்களும் அடிமைகளும் விலக்கப்பட்டனர், சீட்டு முறையும் இருந்தது, அதை மட்டும் மக்களாட்சி என்கிறோமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சீட்டெடுப்பதே மக்களாட்சிக்குரிய முறை எனக் கருதப்பட்டதாக அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். ஆனால் ஏதென்சைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் விலக்கப்பட்டவர்களையும் சேர்த்தே எழுதுகிறார். உத்திரமேரூருக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொண்டு, பிறகு என்ன பெயர் வேண்டுமானாலும் சூட்டி வாதாடலாம். மறுபக்கத்தாரும் இதில் தவறுகிறார்கள். 'நிலமுள்ள பிராமணர் சிலரின் ஏற்பாடு, வேறென்ன இருக்கிறது' என்று ஒதுக்குபவர்களுக்குக் கல்லின் மறுபாதி கண்ணில் படுவதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. தன் ஆட்களின் கை நீளக்கூடும் என்று அறிந்த ஒரு சபை, இரண்டே ஆண்டில் தன் விதியைத் திருத்திக் கல்லில் வெட்டியது. பெருமைக்கு ஏதாவது வேண்டுமென்றால் அது இங்கேதான் இருக்கிறது. அதற்கு வாக்குரிமையைக் கற்பிக்கத் தேவையில்லை.

கருத்தே கலக்காமல் எந்தக் கல்லையும் படிக்க முடியாது என்பதும் சரிதான். 'குடும்பு' என்பதை வார்டு என்று பெயர்ப்பதிலேயே ஒரு கருத்து நுழைந்துவிடுகிறது. அதனால்தான் வாசிப்பைப் பலர் கண்முன் வைக்க வேண்டியிருக்கிறது. குடத்து ஓலைக்கும் அதே விதிதான்: சிறுவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும், வேறு ஓலை ஒளிந்திருக்க இடமில்லாதபடி. வாங்கியதை அவன் உரக்க வாசிப்பான். அதோடு விடவில்லை. அதே ஓலையை மண்டபத்திலிருந்த பூசாரிகளான நம்பிமார் அனைவரும் வாசித்த பிறகே அந்தப் பெயர் ஏற்கப்பட்டது.